சூசைதாசன் அண்ணையின் மூன்றாம் நாள்

சனிக்கிழமை மத்தியானம், டவுன்டவுன் ஹோட்டல் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றபோது சூசைதாசன் அண்ணையின் மனைவி பிலோமினா அக்காவின் தொலைபேசி வந்தது. "தம்பி, அவர் எங்களை விட்டிட்டுப் போயிட்டார்" என்றார். பார்க் மெட்ரோ நிலையத்துப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தியவர் பிறகு எழும்பவே இல்லையாம். எனக்கு வாயில் வந்தது ஒன்றுதான்: "நாளைக்கு டன்ஹாம் தோட்டத்துக்குப் போறதெண்டெல்லோ அக்கா சொன்னவர்!" மறுநாள் பயணத்துக்காகக் காருக்குப் பெற்றோல் நிரப்பி வைத்திருந்தேன். அந்தப் பெற்றோலில்தான் அவருடைய செத்தவீட்டுக்கு ஓடித்திரிந்தேன்.

எங்கள் பங்குக் கோயிலில் உங்களுக்கெல்லாம் சூசைதாசன் அண்ணை, பூசை முடிந்ததும் நின்று கதிரை அடுக்குகிற மனிதர். எனக்கு அவர் ஒரே ஹோட்டலில் என்னோடு வேலை செய்தவர். நான் அடுப்படியில், அவர் சாப்பாட்டு மண்டபத்தில் வைன் ஊற்றுகிறவர். "நல்ல மனிசன், ஆனால் போத்தலோடைதான் சீவியம்" என்று நம்மவர்களில் சிலர் கதைத்ததும் எனக்குத் தெரியும். கதைத்தவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். ஒரு போத்தலை மூன்று நாள் வைத்துக் குடிக்கிறவனைக் குடிகாரன் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

கதை இதுதான். 2002ஆம் ஆண்டளவில், எங்கள் ஹோட்டலின் வைன் பொறுப்பாளர் ஒருநாள், இந்த ஊர்க் கியூபெக் வைனை வாங்கிய வருடமே குடித்து முடிக்கவேண்டும், வருடக்கணக்காய் வைத்து எடுக்க அது பிரான்சு வைன் இல்லை என்று சொல்லிச் சிரித்தார். அண்ணை மண்டபத்தில் ஊற்றவேண்டியதை ஊற்றி முடித்தார். அடுப்படிக்கு வந்து என்னிடம், "பத்து வருஷத்திலை வாற என்ரை கலியாண வெள்ளிவிழாவுக்கு இந்த ஊர் வைனைத்தான் வைச்செடுத்துத் திறக்கப்போறன்" என்றார். கேக்கும் வைனும் இல்லாமல் எங்கள் ஆட்களுக்கு வெள்ளிவிழா ஏது? "விசர் வேலை அண்ணை. அது புளிச்சு வினாகிரி ஆகும். நல்ல பிரெஞ்சுப் போத்தலாய் வாங்குங்கோ" என்றேன். அவர் முகம் மாறியது. "பிள்ளையள் இஞ்சை பிறந்ததுகள். நாங்கள் சாகப்போறதும் இஞ்சைதான். விழாவுக்கு மட்டும் ஏன் வேறை ஊரிலையிருந்து?" என்றார்.

அதன் பிறகு விடுமுறை கிடைத்த ஞாயிறுகளில் பூசை முடிய என் காரில் டன்ஹாம் பக்கம் போவோம். அங்கே சின்னச் சின்னத் திராட்சைத் தோட்டங்கள். கார்த்திகை மாதம், குளிருக்குச் சாகாமல் இருக்கக் கொடிகளை மண்போட்டு மூடிவிடுவார்கள். பனி கரைந்த பிறகுதான் தோண்டி வெளியே எடுப்பார்கள். முதல்முறை அந்த மண் வரிசைகளைக் கண்டதும் அண்ணை தொப்பியைக் கழற்றிவிட்டார். சேமக்காலைக் கல்லறைகள் என்று நினைத்தாரோ என்னவோ, நான் கேட்கவில்லை. ஒரு தோட்டக்காரரிடம் தன்னுடைய உடைந்த பிரெஞ்சில், "மெஸ்யூ, இது பத்து வருஷம் தாங்குமா?" என்று கேட்டார். அந்த ஆள் கையை விரித்தார். "நானே இதைச் செய்யத் தொடங்கிப் பத்து வருஷம் ஆகவில்லை. எனக்கு எப்படித் தெரியும்?" நான் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணை சிரிக்கவில்லை. "அப்ப ஆராவது வைச்சுப் பாக்கத்தானே வேணும்" என்றார்.

அவருடைய வழி எளிமையானது: திறந்த பிறகும் தாங்குகிற வைன்தான் வருடக்கணக்காகத் தாங்கும். ஒரு போத்தலைத் திறந்து ஒரு வாய் குடிப்பார், தக்கையை இறுக்கிக் குளிர்பெட்டிக்குள் வைப்பார். அடுத்த நாள் ஒரு வாய். மூன்றாம் நாளும் செத்துப்போகாமல், முதல் நாளைவிட நன்றாக இருந்தால்தான் அதே வைனை வாங்கிப் படுக்கவைப்பார். "மூண்டாம் நாள் உயிர்த்தெழும்பினால்தான் வாங்குவன்" என்று பாதருக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். பாதர் ஏசத்தான் வாயைத் திறந்தார், சிரிப்பு வந்துவிட்டது. பெரும்பாலானவை எழும்பவில்லை. எழும்பாததெல்லாம் பிலோமினா அக்காவின் நத்தார்ப் பண்டிகைக் கேக்குக்குப் பழம் ஊறவைக்கப் போகும். அந்த வருடங்களில் நான் தின்ற கேக்குக்கு அளவில்லை.

தேறியவை பார்க் எக்ஸ்டென்ஷனில் அவர்களுடைய வீட்டு நிலவறையில், பழைய பனிச்சப்பாத்துகளுக்குப் பக்கத்தில், தூசி படிந்து கிடந்தன. அப்போதுதான் மாதா வந்தா. பங்கில் மாதா சொரூபம் வீடு வீடாகப் போகும் மாதம். சொரூபம் வருவதற்கு முதல்நாள் பிலோமினா அக்கா கூரையிலிருந்து நிலவறை வரை வீட்டைக் கழுவினா. போத்தல்களையும் விடவில்லை. சவர்க்காரத் தண்ணீரில் ஊறப்போட்டு, தேங்காய்த் தும்பால் தேய்த்து, ஒரு துண்டு லேபிள் மிச்சமில்லாமல் பளபளவென்று அடுக்கிவிட்டா. எந்தத் தோட்டம், எந்த வருடம், ஒன்றும் தெரியாது.

செபமாலைக்குப் போன எனக்குத்தான் கோபம் தலைக்கேறியது. வருடக்கணக்கான ஓட்டம்! அக்கா பயந்துபோய் நின்றா. அண்ணை நிலவறைப் படியில் இருந்து ஒரு போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழும்பி, "மாதா வாற வீடு, ஊத்தையாய் வைச்சிருக்கேலுமே? விடு பிலோமினா" என்றார். அவ்வளவுதான். அதற்குப்பிறகு ஒருநாளும் அதை அவர் சொல்லிக்காட்டியதை நான் கேட்டதில்லை. எனக்கு அந்தப் பொறுமை இந்தப் பிறப்பில் வராது.

வெள்ளிவிழா வரும் செப்டெம்பரில். அண்ணை ஏப்ரலில் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் பூசை, எல்லாரும் வரட்டுமென்று ஒரு நாள் முந்தி ஞாயிற்றுக்கிழமையே வைத்தது; அது முடிந்து வீட்டில் சாப்பாடு. அக்கா ஒரு போத்தலைக் கொண்டுவந்து என் கையில் தந்தா. "இனி என்ன வெள்ளிவிழா? இதைத் திறவுங்கோ தம்பி. அவரின்ரை ஆசை, எல்லாருக்கும் ஒவ்வொரு வாய் குடுங்கோ." தக்கையிலும் பெயர் இல்லை. ஊற்றிக் குடித்தேன். முகத்தில் அடித்ததுபோலப் புளிப்பு, பின்னால் ஒன்றுமே இல்லை. யாரோ ஒருவர் "பாவம் மனிசன்" என்று சொல்லிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கோலாவை எடுத்தார். எனக்கு அந்த ஆளை அடிக்கவேண்டும் போலிருந்தது. ஏனென்றால் முதலில் வினாகிரி என்று சொன்னவன் நான்தான். அக்கா மட்டும் தக்கையை இறுக்கிக் குளிர்பெட்டிக்குள் வைத்தா. "நாளையிண்டைக்கு வேலை முடிய வாங்கோ" என்றா.

செவ்வாய்க்கிழமை போனேன். சாப்பாட்டு மேசையில் இரண்டு சின்னக் கோப்பை, சுவரில் மாலை போட்ட அண்ணையின் படம். அக்கா ஊற்றினா. நான் பயந்து பயந்துதான் வாயில் வைத்தேன். புளிப்பு அடங்கியிருந்தது. நாவற்பழம்போல ஒரு வாசம், கொஞ்சம் புகை. விழுங்கிய பிறகும் நாக்கை விட்டுப் போகவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, அடக்கவும் இல்லை.

"நல்லாயிருக்கோ?"

"நல்லாயிருக்கக்கா. அண்ணை வெண்டிட்டார், நான் தோத்திட்டன்."

"எந்தத் தோட்டத்துது தம்பி?"

நான் லேபிள் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். அக்காவே தன் கையைப் பார்த்தா, அந்தத் தும்பு பிடித்த கையை. பிறகு கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தா. படத்தை நிமிர்ந்து பார்த்து, பக்கத்து அறையில் இருக்கிறவரைக் கூப்பிடுவதுபோல, "இஞ்சாருங்கோ, எழும்பிட்டுது" என்றா.

மிச்சமிருந்தவற்றில் ஒன்றை அக்கா எனக்குத் தந்தா. அண்ணையிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தப் பெயரில்லாத போத்தல்தான். என் அலுமாரிக்குள் படுத்திருக்கிறது. மாதாவே வந்தாலும் அதைக் கழுவக்கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். செப்டெம்பரில், அவர்களுடைய வெள்ளிவிழா நாளில், அதை அக்காவிடம் கொண்டுபோய்த் திறப்பேன். நீங்களும் வாருங்கள். ஆனால் மூன்றாம் நாள் வரை யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது.