வளர்ந்திருக்கக் கூடாத தட்டு

திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறேன். இரண்டாமாண்டில் ஒரு செய்முறை உண்டு. பாக்டீரியாவுக்குள் பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தை ஏற்ற வேண்டும். அதை ஏற்றுக்கொண்டவை மட்டும் ஆம்பிசிலின் மருந்து கலந்த தட்டில் பிழைக்கும். பிளாஸ்மிட் கொடுக்காத தட்டு மறுநாள் வெறுமையாக இருக்க வேண்டும்.

ஒரு வருடம் அந்தத் தட்டுக்கு எல்லோரும் ரெக்கார்டில் ‘வளர்ச்சி இல்லை’ என்றே எழுதியிருந்தார்கள். குஜிலியம்பாறைப் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி வரும் ஒருத்தி மட்டும் தட்டு முழுக்க வளர்ந்திருப்பதாக எழுதியிருந்தாள்.

“என்னம்மா இது?”

“வளந்துருக்கு மேடம். அதான் எழுதுனேன்.”

“மத்தவங்களுக்கு வளராதது உனக்கு மட்டும் எப்படி வளரும்? வீட்டுல எப்படியோ, லேபுக்கு வந்தா கையைச் சுத்தமா வச்சுக்கப் பழகு.”

வகுப்பு சிரித்தது. அவள் கைகளைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள். மற்றவர்களின் தட்டுகளை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்குப் பத்துக்கு மூன்று போட்டேன்.

அன்று அட்டெண்டர் லீவு. மாலையில் தட்டுகளை அழிப்பதற்காக நானே எடுத்து அடுக்கினேன். நாலைந்து தட்டு பார்த்ததும் மீதியையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெறுமையாக இருக்க வேண்டிய ஒரு தட்டும் வெறுமையாக இல்லை. தட்டுகளில் பாக்டீரியா வளர்க்கும் அகார் கூழை ஊற்றிய அன்று மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டதென்று, அகார் ஆறுவதற்கு முன்பே மருந்தைக் கலந்துவிட்டேன். சூட்டில் மருந்து கெட்டுப்போயிருக்கிறது. மற்றவர்கள் சீனியர்களின் ரெக்கார்டைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். தட்டைப் பார்த்து எழுதியவள் அவள் ஒருத்திதான்.

மறுவாரம் வகுப்பில், “மீடியம் சரியில்ல, இன்னொரு தடவ செய்வோம்” என்று மட்டும் சொன்னேன். அதில் மருந்தைக் கலந்தது யார் என்று சொல்லவில்லை. அவளுடைய மூன்றைச் சத்தமில்லாமல் ஒன்பதாக்கினேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை என்றால் அது பொய். பிள்ளைகள் முன் மரியாதை போய்விடுமே என்று அடக்கிக்கொண்டேன். அதன் பிறகு அவள் எல்லாச் செய்முறைக்கும் தானே வாங்கிய கையுறையோடு வந்தாள்.

படிப்பு முடிந்து டி.சி. வாங்க வந்த அன்று அவளைத் தனியாக அழைத்தேன்.

“அன்னைக்குத் தப்பு என் மேலதாம்மா.”

“தெரியும் மேடம். இன்குபேட்டர்ல இருந்து தட்டை எடுத்து வச்சதே நான்தான். அம்புட்டுலயும் வளந்துருந்துச்சு.”

“அப்ப ஏன் சொல்லல?”

“சொன்னா அவளுகளுக்கும் மார்க்கு போயிருமே.”

எம்.எஸ்சி. எங்கே சேரப் போகிறாய் என்று கேட்டேன்.

“சேரல மேடம். பேங்க் பரீட்சைக்குப் படிக்கப் போறேன்.”

“லேப் வேலை உனக்கு நல்லா வருமேம்மா.”

“பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேன் மேடம்” என்று கிளம்பிவிட்டாள்.

இப்போதெல்லாம் அந்தச் செய்முறைக்கு முன்னால், ஒருமுறை ஆறாத அகாரில் மருந்து கலந்து கெடுத்தவள் நான்தான் என்று வகுப்பில் சொல்கிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன். அவள் கையைப் பற்றி நான் சொன்னதை மட்டும் எந்த வகுப்பிலும் இதுவரை சொன்னதில்லை.