என் படர்தாமரையைத் தட்டில் வளர்த்தார்கள்

நான் எட்டாவதோடு நின்றவள். பெங்களூர் தொம்மலூரில் ஒரு பியூட்டி பார்லரில் த்ரெடிங் செய்கிறேன். நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மிச்சத்தை விரல்களில் முறுக்கி, அடுத்தவர் புருவத்தை வில்லாக்கும் வேலை. இதில் கையை ஒளித்துவைக்க வழியே இல்லை. சாய்ந்து படுத்திருக்கும் கஸ்டமர் கண்ணைத் திறந்தால் முதலில் தெரிவது என் முழங்கையின் உள்பக்கம்தான். படர்தாமரை அங்கே வந்து உட்கார்ந்தது.

முதலில் இடுப்பில்தான் இருந்தது, பாவாடை நாடா இறுக்கும் இடத்தில், வளையல் மாதிரி ஒரு வட்டம். புடவைக்குள் இருக்கும்வரை ஊருக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே, அது போதாதா? சர்க்கரையோ என்று நினைத்தேன். குஷ்டமோ என்று நினைத்தேன். மொபைலிடம் வாயால் கேட்டேன். நான் நினைக்காத நாலு வியாதியை அது சேர்த்துச் சொன்னது. என் வீட்டுக்காரர் டாக்சி ஓட்டுகிறார். "உன்னக் கொசு கடிச்சாலே உயில் எழுதிடுவடி" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே தன் தொடையைச் சொறிந்தார்.

எங்கள் பக்கத்தில் அரிப்புக்கு யாரும் டாக்டரிடம் போவதில்லை. மெடிக்கல் ஷாப்பில் "அரிப்பு" என்று ஒரு வார்த்தை சொன்னால் டியூப் வந்துவிடும். பேஸ்ட் மாதிரி அதுவும் வீட்டுச் சாமான். நானும் அவரும் ஒரே டியூபைத்தான் பிதுக்கினோம், ஒரே துண்டில்தான் துடைத்தோம். தடவியதும் அரிப்பு அடங்கும். அடங்கியதும் நிறுத்திவிடுவோம். மறுபடி வரும்போது ஒரு வட்டம் இரண்டு வட்டமாக வரும். மழை மாதங்களில் பெங்களூரில் துணி எங்கே காய்கிறது? ஈர வாசனை போகாத பாவாடையையே கட்டிக்கொண்டு பஸ் ஏறுவேன். வட்டங்களுக்கு அது விருந்து என்று அப்போது தெரியாது.

ஒருநாள் புருவம் எடுக்க வந்த ஐ.டி. கம்பெனிப் பெண் பாதியில் கண்ணைத் திறந்தாள். என் கையைப் பார்த்தாள். கத்தவெல்லாம் இல்லை. "பரவால்ல அக்கா, இன்னொரு நாள் வரேன்" என்று எழுந்தாள். ஒரு புருவம் வில்லாகவும் ஒரு புருவம் புதராகவும் அப்படியே தெருவில் இறங்கிப் போய்விட்டாள்.

பார்லர் மேடம் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"உன்னத் திட்டலம்மா. ஆனா நம்மள நம்பி மூஞ்சியக் குடுக்குறாங்க. இந்தக் கைய வெச்சுக்கினு யாரையும் தொடாத. கல்யாண சீசன் வரைக்கும் உன் சேர் உனக்குத்தான். அதுக்கப்புறம் நான் வேற பொண்ணப் பார்க்கணும், என்ன செய்ய?"

அந்த நாற்காலிக்குப் பின்னால் நின்றால்தான் நான் ஒரு ஆள். பார்லரின் மற்றப் பெண்கள் சும்மா இருந்தாலும் கஸ்டமர்கள் "த்ரெடிங் அக்கா வரட்டும்" என்று எனக்காகக் காத்திருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்காகக் காத்திருந்ததில்லை.

அரசு ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்குப் போனேன். வரிசை வாசல்வரை நின்றது. பாதிப் பேர் சொறிந்துகொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு வெட்கம் பாதி போயிற்று. டாக்டர் சின்ன வயதுப் பெண், கன்னடக்காரர், தமிழ் தட்டித் தடுமாறி வந்தது.

"ஏனு க்ரீம் ஹச்சிதீரா? என்ன க்ரீம் போட்டீங்க, காட்டுங்க."

பெருமையாக டியூபை எடுத்து நீட்டினேன். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ அம்மா, இதுல ஸ்டீராய்டு இருக்கு. அரிப்பு அடங்கும், ஃபங்கஸ் அடங்காது. வாட்ச்மேனுக்குத் தூக்க மாத்திரை குடுத்துட்டு கேட்டைத் திறந்து வெச்ச மாதிரி. அது உள்ள நல்லா சாப்பிட்டு பெருசாச்சு."

இப்போதெல்லாம் இந்தப் பூஞ்சை பழைய மாத்திரைக்குச் சாவதில்லை என்றும், ஏன் என்று அவர்கள் பிரிவில் ஆராய்ச்சி நடக்கிறது என்றும் சொன்னார். நானும் அதில் சேர்கிறேனா என்று கேட்டார்.

"எனக்கு ஊசி கீசி போட்டுப் பார்ப்பீங்களா மேடம், எலிக்குப் போடுற மாதிரி?"

"உங்க மேல ஒண்ணும் ட்ரை பண்ண மாட்டோம். உங்க ஃபங்கஸ் மேலதான் ட்ரை பண்ணுவோம்."

அந்தப் பதில் எனக்குப் பிடித்துப்போயிற்று. சரி என்றேன். பிளேடின் மழுங்கிய பக்கத்தால் வட்டத்தின் ஓரத்தைச் சுரண்டி, மாவு மாதிரி உதிர்ந்ததை ஒரு கண்ணாடிச் சில்லில் எடுத்துக்கொண்டார். "டியூபைத் தொடாதீங்க. முதல்ல ஜாஸ்தி ஆகும், பயப்படாதீங்க" என்றார்.

பயப்படாதீங்க என்று என்னிடம் சொல்வது மீனிடம் நனையாதே என்று சொல்வது மாதிரி. டியூபை நிறுத்தியதும் வட்டங்கள் எல்லாம் தீப்பிடித்தன. "ஆஸ்பத்திரி போய் பெருசாக்கிக்கினு வந்துட்ட" என்றார் வீட்டுக்காரர். விரல் தானாக டியூபைத் தேடிப் போனது. அதை எடுத்துக்கொண்டு கீழே ஓடி, குப்பை வண்டியில் நானே போட்டுவிட்டுத்தான் மூச்சு விட்டேன்.

அடுத்த முறை போனபோது டாக்டர், சுரண்டியதை லேபில் வளர்த்த ஒரு வட்டத் தட்டை எடுத்துவந்து காட்டினார். உள்ளே வெள்ளையாக, இலவம்பஞ்சு பரப்பினாற்போல ஏதோ வளர்ந்திருந்தது. அடிப்பக்கம் தேன் நிறம்.

"இது யாரு கொத்தா, தெரியுதா? உங்க கைதான்."

என்னைத் தூங்கவிடாமல் அடித்தது இந்தப் பஞ்சா? அழகாக வேறு இருந்தது. முகமே தெரியாத ஒன்றுக்குத்தான் அத்தனை நாள் பயந்திருந்தேன். அதைத் தட்டில் பார்த்ததும் எனக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. வழக்கமான மாத்திரைக்கு அது அசையவில்லையாம். இன்னொரு மருந்தில் வளராமல் நின்றுவிட்டதாம். அந்த இன்னொரு மாத்திரையை எழுதினார். அரிப்பு நின்றாலும் நிறுத்தக்கூடாது, வீட்டில் யாருக்கு இருந்தாலும் சேர்ந்தே சாப்பிட வேண்டும், ஆளுக்கொரு துண்டு, துணி வெயிலில் காய வேண்டும் என்றார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார் வீட்டுக்காரர்.

"அப்போ கைய எடுங்க பார்க்கலாம், தொடையிலேர்ந்து" என்றேன்.

எடுக்க முடியவில்லை. மறுநாள் என்னோடு வரிசையில் நின்றார்.

வெயில்தான் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் நடுவில் கை நீட்டினால் எதிர்ச் சுவரில் தட்டும். மொட்டைமாடி ஓனரம்மாவுடையது, எப்போதும் பூட்டு. அவரிடம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ என்று அவர் தும்மினாலே பயப்படுவேன். அன்று படியேறிப் போய்ச் சாவி கேட்டேன்.

"யாக்கம்மா, எதுக்கு? எல்லாரும் துணி போட்டா என் செடி ஏனாகுத்தே, என்ன ஆகும்?"

"ஆன்ட்டி, எங்க வீட்டுல இருக்கற படர்தாமரை துணியிலேயே உட்கார்ந்து ஆளுக்கு ஆள் ஏறும். இன்னைக்கு என் பாவாடையில, நாளைக்கு படிக்கட்டு கைப்பிடியில. வெயில் குடுங்க, இல்லன்னா எல்லாரும் சேர்ந்து சொறிவோம்."

என் வாயா இது என்று எனக்கே ஆச்சரியம். கைப்பிடி சமாச்சாரத்தைக் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். ஓனரம்மா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு சாவியைத் தந்தார். அதன்பின் எங்கள் பாவாடைகள் மொட்டைமாடிக் கொடியில் மொரமொரப்பாகக் காய்ந்தன. அரிப்பு நின்றது. இந்த முறை நாங்கள் நிறுத்தவில்லை.

கல்யாண சீசன் தொடங்கும் முன் டாக்டர் கடைசியாகச் சுரண்டிப் பார்த்தார். கண்ணாடிச் சில்லில் ஒன்றும் இல்லை. அதோடு விடாமல் தட்டிலும் போட்டுப் பார்த்தார்கள். நான் போனபோது படிக்கும் டாக்டர்கள் நாலைந்து பேரை அழைத்து, அந்தத் தட்டைத் தூக்கிக் காட்டினார். எதுவுமே வளரவில்லை. வெறும் தட்டு. அந்த வெறுமையைப் பார்த்து நான் கை தட்டிவிட்டேன். அவர்களும் சிரித்துக்கொண்டே தட்டினார்கள்.

நேராக பார்லருக்குப் போனேன். ரவிக்கைக் கையை மேலே சுருட்டி, ட்யூப்லைட்டுக்குக் கீழே நீட்டினேன். மேடம் கண்ணாடி போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் தேய்த்துப் பார்த்தார். காத்திருந்த கஸ்டமர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடம் போய் என் நாற்காலியில் தானே உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினார்.

"புருவம் வளர்ந்து கெடக்குது, சீக்கிரம் எடு. கும்பல் காத்திருக்குது" என்றார்.

நூலைப் பல்லில் கடித்தேன்.