வீமன் கழுத்துக் கயிறு

நம்பாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். இட்டுக்கட்டிச் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. இது 1974இல், நெடுந்தீவில், எனக்கே நடந்தது. அதுவும் இரவில் இல்லை... உச்சி வெயிலில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னது?

அப்போது நான் அங்கே மருத்துவிச்சி. ஊருக்கெல்லாம் ‘மிசி’. வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு பிள்ளைப்பேறு பார்த்துத் திரும்பும்போது, பூட்டிய வீடொன்றின் பின்வளவில் அந்த நாயைக் கண்டேன். வீட்டுக்காரர் ஏரம்பு செத்துப்போயிருந்தார். இனசனம் சாமான்களை ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் போய்விட்டது. நாய் மட்டும் பனையோடு கட்டிக் கிடந்தது. கயிறு கழுத்துச் சதைக்குள் இறங்கியிருந்தது. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. முடிச்சை நகத்தால் நெம்பித் தளர்த்தி, அதே கயிற்றில் நாயைக் கூட்டி வந்தேன். எலும்பும் தோலுமாய் இருந்தவனுக்கு வீமன் என்று பெயரும் வைத்தேன்.

என்னோடு வைத்திருக்க முடியாது. கூப்பிட்ட நேரத்துக்கு ஓடுகிறவள் நான். பொறுமையும் மட்டு. வீமனோ யாராவது கதிரையை இழுத்து உட்கார்ந்தாலே சுருண்டு நடுங்குவான். பொறுமையான வீடு கிடைக்காவிட்டால் தெருவுக்குத்தான் போவான். தெருநாய்களைச் சுடுகிறவர்கள் வரப்போவதாகவும் கதை அடிபட்டது. எனக்கு நித்திரையே இல்லை.

முதலில் சிவபாதம் வாத்தியாரிடம் விட்டேன். அடுத்த கிழமையே திருப்பிக் கொண்டுவந்தார்.

“நாய் நல்லது, மிசி. ஆனா மத்தியானத்திலை ஒருத்தர் வந்து வேலிக்கு வெளியிலை நிக்கிறார்.”

“ஆர்?”

வாத்தியார் நிலத்தைப் பார்த்தார். “தெரியாது.”

பிறகு பரிமளம் அக்கா. அவவும் கொண்டுவந்து விட்டா.

“காலை இழுத்து இழுத்து நடக்கிறார், மிசி. என்னாலை ஏலாது.”

“ஆரெண்டு கேட்டனீங்களோ?”

அவ அதற்குள் வாசல் படலையைத் தாண்டிவிட்டா.

வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது என்று நினைத்துச் சிரித்தேன்.

கடைசியில் கடற்கரைப் பக்கம் சூசையம்மா அக்காவிடம் போனேன். கிழிந்த வலையை ஊசியும் நூலுமாய்ப் பொத்திக்கொண்டிருந்தா. ஒரு துண்டு மீனை மணலில் வைத்துவிட்டு மறுபடி வலைமேல் குனிந்தா. வீமன் பக்கமே திரும்பவில்லை.

“பாக்காதேங்கோ, மிசி. பாத்தா வெக்கப்படும்.”

நெடுநேரத்துக்குப் பிறகு வீமன் வயிற்றால் ஊர்ந்துபோய் மீனைத் தின்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“விட்டிட்டுப் போங்கோ. இவனைக் கட்டத் தேவையில்லை.”

எங்கள் ஊர் வேலணையில் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்க மாட்டோம். கயிற்றோடு வீட்டு இலட்சுமியும் போய்விடும் என்பார்கள். அந்தப் பழக்கத்தில் வீமனின் கயிற்றையும் கழற்றிக் கொண்டுவந்து குசினியில் அடுப்புக்கு மேலிருந்த ஆணியில் கொழுவினேன். நாய்க்கும் மாட்டுச் சட்டமா என்று எனக்கே பகிடியாக இருந்தது.

மறுநாள். றேடியோவில் மத்தியானச் செய்தி முடிந்திருந்தது. காற்றில்லை. ஒரு காகம்கூடக் கத்தவில்லை.

சர்ர்... சர்ர்...

மணலில் எதையோ இழுக்கும் சத்தம். எட்டிப் பார்த்தேன். கல்வேலிக்கு அப்பால் ஒரு கிழவர். அந்த வெயிலிலும் உடம்பில் வியர்வை இல்லை. கண்ணும் கூசவில்லை.

“நாய் இஞ்சை இல்லை. நல்ல இடத்திலை இருக்கு,” என்றேன்.

தெரியும் என்பதுபோல் தலையாட்டினார். ஆனால் போகவில்லை.

“வேறென்ன வேணும்?”

சர்ர்...

படலை பூட்டியபடியே இருந்தது.

அவர் முற்றத்தில் நின்றார்.

ஒரு காலை மெல்ல நீட்டினார்...

கணுக்காலில் முடிச்சு. சதைக்குள் இறங்கிய முடிச்சு.

குசினிக்குள் ஆணி கிறீச்சிட்டது. கயிறு விறைத்து நின்றது... யாரோ இழுப்பதுபோல்.

“அவிட்டு விடும், பிள்ளை...”

ஓடினேன். செருப்பில்லாமல், தலை விரிகோலமாய், சூசையம்மா அக்கா வீடுவரை ஓடினேன். வீமன் நிழலில் நித்திரை. அக்கா தண்ணீர் தந்தா. கண்டதைச் சொன்னேன். அவ சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டா.

“அது ஏரம்பு அண்ணை. கடைசியிலை சித்தம் தடுமாறித் திரிஞ்சவர். இனசனம் காலிலை கயிறு போட்டு அந்தப் பனையோடை கட்டி வைச்சது. செத்தாப் பிறகு முடிச்சை அவிழ்க்கேலாமல் கயித்தை வெட்டினவை. காலிலை கிடந்த துண்டோடைதான் எரிச்சது. மிச்சத்திலை நாயைக் கட்டினவை.”



“இது... இஞ்சை ஆருக்கும் தெரியாதோ, அக்கா?”

அவ வலையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டா. என்னைப் பார்க்கவில்லை.

“எல்லாருக்கும் தெரியும், மிசி. கட்டிக் கிடந்த நாளிலை அவர் கத்துறது இந்தக் கரை வரைக்கும் கேக்கும்.”