சுவருக்குள் போன ஊர் ரேடியோ

போன மாதம் திண்டுக்கல்லில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். புது வீடு. கூடத்துச் சுவர் முழுக்கத் தேக்குப் பலகை அடித்திருந்தார்கள். வீட்டுக்காரர் நடுவில் இரண்டு பலகையைத் தள்ளினார். உள்ளே டிவி. திரும்ப மூடினார். வெறும் பலகை.

"எப்படி? டிவி இருக்குன்னே தெரியலேல்ல?" என்று என் முகத்தைப் பார்த்தார்.

நன்றாக இருக்கிறது என்று சொல்வதுதான் மரியாதை. எனக்கு வாய் வரவில்லை. காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அவர் சுவர், அவர் டிவி. என் கோபம் வேறொரு சுவர் மேல். இத்தனை வருஷம் ஆகியும் அது ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை.

எட்டாம் வகுப்பில் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சிறுமலையில் வாழைத்தார் சுமந்தேன். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பில் ஊறல் தொட்டிக்குள் நின்றேன். காலில் புண் வந்ததும் அந்த வேலையை விட்டேன். பிறகு ஒரு மைக் செட் கடை. கல்யாணம், கோயில் கொடை என்று குழாய் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவேன். அப்படிக் குஜிலியம்பாறைப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குத் திருவிழாவுக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டேன். அந்த ஊருக்குச் சர்க்கார் ஒரு ரேடியோ கொடுத்திருந்தது. ஊர் கூடும் மந்தையில் பஞ்சாயத்து ரூமுக்குள் ரேடியோ, வெளியே வேப்பமரத்தில் குழாய். அதைச் சாயங்காலம் திருகி வைக்க ஊரில் ஆள் இல்லை. முந்தியிருந்தவன் திருப்பூருக்கு ஓடிவிட்டான். "நீ வச்சுப் பாரேன்" என்றார் பிரசிடென்ட். வைத்தேன். ரூமிலேயே படுத்துக்கொண்டேன். பகலில் கடலைக்காட்டு வேலைக்குப் போவேன். சோறு ஏதோ ஒரு வீட்டில் கிடைத்தது, கிடைக்காத நாளும் இருந்தது.

பார்க்க அந்த ரேடியோ லட்சணமாக இருக்காது. சாம்பல் வண்ணம் அடித்த முரட்டுப் பெட்டி. ஆனால் மரத்துக் குழாய் பேசினால் ஊர் முழுக்கக் கேட்கும். மந்தையில் துண்டை விரித்து உட்கார்ந்தவர்களும் கேட்டார்கள், தெற்கே ஓடை தாண்டியிருந்த சேரியில் அடுப்பு முன்னால் உட்கார்ந்தவர்களும் கேட்டார்கள். மந்தைக்குள் வந்து உட்காரச் சேரிக்காரர்களுக்கு அந்த ஊரில் வழக்கமில்லை. குழாய்ச் சத்தம் அவர்கள் இருந்த இடத்துக்கே போய்விடும். அதனால் யாரும் அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கவில்லை.

சீனாச் சண்டை வந்தது. சேரியில் ஒரு தாய், அவளுக்கு ஒரே மகன், பட்டாளத்தில் இருந்தான். வடக்கே மலைப்பக்கம் இருக்கிறான் என்பதுவரை அவளுக்குத் தெரியும். கடுதாசி நின்றுபோயிருந்தது. அவள் ஒவ்வொரு சாயங்காலமும் ஓடைக்கரைவரை வந்து நிற்பாள். டெல்லிச் சேதி முடிந்ததும் நான் குழாயை நிறுத்திவிட்டு ஓடைப்பக்கம் போவேன். அவள் கேட்பாள்:

"அப்பு, இன்னைக்குச் சொன்ன ஊருப் பேரு என்னது?"

நான் நினைவில் இருக்கும் பெயரைச் சொல்வேன். அவள் அதை இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாள்.

"எம்மவன் அங்கனதான் இருப்பானோ?"

"தெரியல ஆத்தா."

"தெரியலேன்னா நல்லதுதான். நாளைக்கு வாரேன்."

அவ்வளவுதான். இதற்குத்தான் அந்த ரேடியோ அவளுக்கு வேண்டியிருந்தது. பாட்டு வேண்டாம், நாடகம் வேண்டாம். மகன் இருக்கும் திசையிலிருந்து வரும் ஒரு குரல்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் பிரசிடென்ட் மகளுக்குச் சம்பந்தம் கூடியது. மாப்பிள்ளை வீடு ஒட்டன்சத்திரம் பக்கம், தோட்டந்துரவுள்ள குடும்பம். பிரசிடென்ட் மந்தைக்கு வந்து என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, பொண்ணு பாக்க வாராக. ரேடியோவ ரெண்டு நாளைக்கு நம்ம வீட்டுக் கூடத்துல கொண்டாந்து வையி. எடுப்பா இருக்கும்."

"குழாய்ங்கய்யா?"

"குழாய வீட்டுக்குள்ளயா மாட்டுவாக, கூறுகெட்டவனே? அது கெடக்கட்டும் மரத்துல."

நான்தான் தலையில் வைத்துக் கொண்டுபோனேன். மாப்பிள்ளை வீட்டார் குறித்த நாளில் வரவில்லை. அவர்கள் பக்கம் ஒரு சாவு, வளர்பிறையில் வருகிறோம் என்று ஆள் விட்டார்கள். ரேடியோ மந்தைக்குத் திரும்பவில்லை. அதற்குப் பதிலாகத் திண்டுக்கல்லிலிருந்து ஓர் ஆசாரி வந்தார்.

பிரசிடென்டுக்கு ரேடியோவின் முகம் பிடிக்கவில்லை. சாம்பல் வண்ணம் அவர் கூடத்துப் பச்சைச் சுவருக்குப் பொருந்தவில்லையாம். சுவரைக் குடைந்து, உள்ளே பெட்டியை வைத்து, சுற்றிலும் தேக்குச் சட்டம், மேலே மயில் ஒன்று, முன்னால் பூட்டுப் போட்ட கண்ணாடிக் கதவு. சத்தம் வரும் இடத்தில் கருஞ்சிவப்பு வெல்வெட்டை இரண்டாக மடித்து ஆணியடித்தார்கள். பிரசிடென்ட் மகள் ஊசிநூலில் பின்னிய வெள்ளைத் துணி ஒன்று அதன் மேல் தொங்கியது. மேல் தட்டில் பீங்கான் நாய் இரண்டு.

நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆசாரி நல்ல வேலைக்காரர், அதைச் சொல்லத்தான் வேண்டும். இழைப்புளி ஓட்டினால் சீவல் வெற்றிலைபோல வந்து விழும்.

"முன்னாடி கொஞ்சம் ஓட்ட விடுங்க ஆசாரி" என்றேன்.

"ஓட்ட விட்டா அழகு போயிரும்."

"சத்தம் முன்னாடிதான வரணும்?"

அவர் உளியை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சத்தத்த எவன்டா பாக்கப் போறான்? கதவ மூடிட்டேன்னு வையி, இதுக்குள்ள ரேடியோ இருக்குன்னு ஒரு பய கண்டுபிடிக்க மாட்டான்."

பிரசிடென்ட் சிரித்தார். "ஊர்ப் பொட்டிக்கு வந்த வாழ்வப் பாத்தியா!" என்றார்.

இதற்குப் பிறகு ஊரில் நடந்ததுதான் எனக்கு இன்னும் கசப்பு. பிரசிடென்ட் ஆள் பார்த்துக் கூப்பிட்டார். மந்தையில் வழக்கமாக உட்காரும், காடுகரையுள்ள பெரிய சம்சாரிகள் நாலைந்து பேர், சாயங்காலம் அவர் கூடத்தில் பாய் போட்டு உட்கார்ந்து கேட்டார்கள். வெற்றிலைத் தட்டு வந்தது. காபி வந்தது. அவர்கள் எதற்கு மந்தையைப் பற்றிப் பேசப்போகிறார்கள்? நான் ஒருவரிடம் கேட்டேன். "ரேடியோ மந்தைக்கு வர வேணாமாண்ணே?"

"வெயிலு மழையில கெடந்து அழியறதுக்கு, இங்கன பவுசாத்தான இருக்கு" என்றார். சாமான் பத்திரமாக இருக்கிறதாம். யாருக்குப் பத்திரம்?

ரேடியோ மந்தையை விட்டுப் போன முதல் நாளே ஓடைக்கரையில் அந்தத் தாய் வெகுநேரம் நின்றிருக்கிறாள். மறுநாள் என்னைத் தேடிப் பஞ்சாயத்து ரூமுக்குப் பின்னால் வந்தாள். "குழாயி கெட்டுப்போச்சா அப்பு?"

கெடவில்லை, பிரசிடென்ட் வீட்டுக்குப் போயிருக்கிறது என்றேன். ஆசாரி வேலை முடிந்த பிறகு ஒரு சாயங்காலம் அவள் பிரசிடென்ட் வீட்டுக்கு எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம் மாட்டுக்கொட்டகைச் சுவரை ஒட்டி வந்து நின்றாள். அதற்கே எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று அந்தக் காலத்து ஊர்களைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். வெல்வெட்டைத் தாண்டி, கண்ணாடியைத் தாண்டி, சன்னலைத் தாண்டித் தெருவுக்கு வந்தது ஒரு முனகல். பேச்சா பாட்டா என்றுகூடப் பிரிக்க முடியாது. அவள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றாள்.

நான் பிரசிடென்டிடம் நேராகவே கேட்டேன்.

"அய்யா, சேதி நேரத்துக்கு மட்டும் குழாய்க்கு ஒரு ஒயர் இழுத்துக்கிறேன். பட்டாளத்துக்குப் பிள்ளைய அனுப்புனவ கேக்கணும்ங்கறா."

"ஒயரா? ஆசாரி பண்ணுன வேலையில ஓட்ட போடச் சொல்றியா?"

"அப்ப ரேடியோவ மந்தைக்கே கொண்டுபோயிருவமுங்கய்யா. அது ஊருச் சாமான்."

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு அதிகம் எரிந்தது. சாவதானமாகச் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே சொன்னார்: "நான் யாருலே? ஊருக்குப் பிரசிடென்ட். நானும் ஊரும் வேறயா? எவ மகனுக்கோ நேரம் சரியில்லேன்னா தந்தி வந்துட்டுப் போகுது."

மாப்பிள்ளை வீட்டார் ஒரு சாயங்காலம் வந்தார்கள். விளக்கு வைக்கிற நேரம்தான் நல்ல நேரமாம். கேசரி, பஜ்ஜி, காபி. தேக்குச் சட்டத்தைச் சுற்றி நிலக்கோட்டை மல்லிகையைச் சரமாகத் தொங்கவிட்டிருந்தார்கள். புது வேட்டி கொடுத்து என்னைக் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். எந்தத் திருகு எதற்கு என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

"பாட்டு மட்டும் போடு" என்று காதோரம் சொன்னார் பிரசிடென்ட். "சேதி கீதின்னு போட்டு எழவு வீடாக்கிடாத."

போட்டேன். கல்யாணப் பேச்சு நன்றாகவே போனது. மாப்பிள்ளைக்கு அப்பா பெரிய மீசைக்காரர், எதையும் தொட்டுப் பார்க்கிற ஆள். எழுந்து வந்து மயிலைத் தடவினார். "வேலப்பாடு நல்லாருக்குதுங்க. ஆனா சத்தம் என்னங்க, போத்திப் படுத்தவன் பேசறாப்பல இருக்குது?" என்றார். கூடமே சிரித்தது. பிரசிடென்டும் சிரித்துவைத்தார்.

சன்னல் வழியே பார்த்தேன். அவள் கொட்டகைச் சுவரோரம் நின்றாள். பிரசிடென்டும் பார்த்துவிட்டார். வாசலுக்குப் போனார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. குரல் மட்டும் தாழ்ந்தது.

"போ அங்கிட்டு. விருந்தாளி வந்திருக்காக, கண்ணுல படுற மாதிரி நிக்கிறவ."

"செத்த நேரம் சாமி. சேதி முடிஞ்சதும் போயிருதேன்."

"போன்னா போ."

பாட்டு முடிந்தது. டெல்லிச் சேதி தொடங்கும் நேரம். வேறு ஸ்டேஷன் திருப்பச் சொல்லி அவர் வாசலிலிருந்தே கை காட்டினார். நான் கண்ணாடிக் கதவு இரண்டையும் விரியத் திறந்தேன். பின்னல் துணியோடு வெல்வெட்டைப் பிடித்து இழுத்தேன். ஆணிகள் தரையில் தெறித்தன. ஒரு பீங்கான் நாய் விழுந்து உடைந்தது. சத்தத் திருகைக் கடைசிவரை திருப்பினேன்.

கூடம் அதிர்ந்தது. பிரசிடென்ட் ஓடிவந்து என்னைத் தள்ளிவிட்டு ஒரு திருகைப் பிடித்துத் திருகினார். அது குரலைத் தடிப்பாக்கும் திருகு. சேதி வாசித்தவர் இன்னும் கனத்த குரலில் வாசித்தார். இன்னொன்றைத் தேடிக் கை போனபோது மாப்பிள்ளையின் அப்பா அவர் தோளைத் தொட்டார்.

"இருக்கட்டுமுங்க பிரசிடென்ட். சேதி கேக்கட்டுமுங்க. எங்கூருப் பசங்களும் ரெண்டு பேரு அங்க இருக்காங்க."

அதற்கு மேல் அவர் என்ன செய்ய முடியும்? நின்றார். எல்லோரும் கேட்டோம். வாய்க்குள் நுழையாத மலையூர்ப் பெயர் ஒன்று. நமது படைகள் அங்கிருந்து பின்வாங்கியிருக்கின்றன. கூடத்தில் யாரோ "அடடா" என்றார்கள். தெருவிலிருந்து அவள் குரல் வந்தது, என்னைப் பார்த்து.

"அப்பு, பின்வாங்குறாகன்னா... உசுரோட திரும்பி வாராகன்னுதான அருத்தம்?"

மீசைக்காரர் சன்னலைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார். எனக்கு அர்த்தம் தெரியும், தெரியாது, இரண்டும்தான்.

"ஆமா ஆத்தா" என்றேன்.

சம்பந்தம் முறியவில்லை. ரேடியோ உள்ள வீடு, தேசப்பற்றுள்ள வீடு என்று மாப்பிள்ளை வீட்டாருக்கு மகிழ்ச்சிதான். அவர்கள் வண்டி தெருமுனை திரும்பியதும் பிரசிடென்ட் என் கன்னத்தில் இரண்டு விட்டார். பாயில் உட்கார்ந்து கேட்கும் சம்சாரிகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "பொழைக்க வந்த பயலுக்கு என்னா திமிரு" என்றார், பவுசாக இருக்கிறது என்று எனக்குச் சொன்ன அதே ஆள். மறுநாளே ஆசாரிக்கு ஆள் போனது, வெல்வெட்டைத் திரும்ப அடிக்க.

நான் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு மத்தியானம் கிளம்பினேன். ஓடைக்கரையில் அவள் நின்றாள்.

"வேற எங்கனயாச்சும் வெளியில பாடுற ரேடியோ இருக்கா அப்பு?"

குஜிலியம்பாறை பஸ் நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை எனக்குத் தெரியும். நடந்தோம். அவள் என் பின்னால் பத்தடி தள்ளியே வந்தாள், முன்னால் வா என்று சொல்லியும் கேட்கவில்லை. கடையில் ரேடியோ ஒரு பழைய சோப்பு மரப்பெட்டி மேல் இருந்தது. பின்பலகை இல்லை, வால்வெல்லாம் வெளியே தெரிந்தது, ஒரு பக்கம் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. சத்தம் ரோட்டுக்கு அந்தப் பக்கம்வரை போனது.

"இந்தம்மா மகன் பட்டாளத்துல இருக்கான். சேதிக்குத் தெனம் வருவாக" என்றேன்.

"வரட்டும். ரோட்டுல நின்னு கேக்க நான் என்ன டிக்கெட்டா போடுதேன்?" என்றார் கடைக்காரர். அவளுக்கு டீ தனிக் கிளாசில்தான் வந்தது. அவள் அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டுச் சேதிக்காக நின்றாள்.

அன்றைக்குச் சொன்ன ஊர் வேறு ஊர். நினைவு வைத்துக்கொள் என்று நான் இரண்டு தடவை சொல்லிக்கொடுத்தேன். அதற்குள் கரூர் பஸ் வந்துவிட்டது. ஏறிக்கொண்டேன். அவள் மகன் திரும்பினானா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் அதற்குப் பிறகு நான் போகவில்லை. பஸ் நகரும்போது பார்த்தேன், அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேற்கே நடக்க ஆரம்பித்திருந்தாள். இருட்டு கட்டிவிட்டது. நாளைக்கும் அவள் இப்படித்தான் வர வேண்டும், இப்படித்தான் போக வேண்டும். அவளுக்கும் சேர்த்துச் சர்க்கார் கொடுத்த ரேடியோ, சேரியிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில், மயிலுக்குக் கீழே பூட்டிக் கிடந்தது.