ராஜபாளையம் போய் டைராடு வாங்கி வந்த நாள்

டொக்.

பேருந்து வேகத்தடையில் ஏறி இறங்கியபோது காலுக்கடியில் ஒரு சத்தம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மட்டும் குனிந்து காலடியைப் பார்த்தேன். மூன்று வாரத்துக்கு முன், வத்திராயிருப்புச் சந்தைக்கு நைட்டி மூட்டைகளோடு போகையில், சுந்தரபாண்டியம் கண்மாய்க்கரை வளைவில் எங்கள் வேனுக்கு அடியில் கேட்டதும் இதே சத்தம்தான். ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினேன். வண்டி யோசித்தது. யோசித்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்துப் போனது. ஒரு கருவேல மரம் எங்களை நிறுத்தியது.

பக்கத்தில் இருந்த என் மனைவி செல்வி கத்தவில்லை. இறங்கி நின்று, சேலையை உதறிவிட்டுச் சொன்னாள்: “நம்பி ஏறுற மாதிரி ஆக்குங்க, சந்தைக்கு வாரேன். இல்லன்னா திருப்பூர்ல தங்கச்சி வேலை பாக்குற கம்பெனிக்குப் போறேன். இந்த மாசம் முடியமட்டும் பாப்பேன்.”

மாதம் முடிய நான்கு நாள் இருந்தது.

காலை ஏழு மணி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் பன்னிரண்டு கிலோமீட்டர், டிக்கெட் பன்னிரண்டு ரூபாய். வலப்பக்க ஜன்னல்களில் மலை கூடவே வந்தது, மேகத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டு. மலைக்கென்ன, எங்கும் போக வேண்டியதில்லை.

மெக்கானிக்கிடம் விடாததற்குச் சிக்கனம் காரணம் இல்லை. அவர் குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினால், அதற்கப்புறம் நான் என்ன செய்வேன்?

ஒன்பது மணிக்கு உதிரிபாகக் கடை திறந்தது. சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் நுனி மூட்டான டைராடு எண்டை முந்தின நாளே கழற்றிச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். கடைக்காரர் அதைக் காதோரம் வைத்து ஆட்டினார்.

“நல்ல கிலுகிலுப்பை. எந்த வருச வண்டி?”

“தொண்ணூத்தெட்டு.”

“அண்ணாச்சி, வண்டி வச்சிருக்கியளா, வளக்கியளா?”

உள்ளே இருந்தவரிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். புரியாமலே நானும் சிரித்தேன். ஜோடி தொள்ளாயிரத்து அறுபது ரூபாய்.

பதினொன்றரைக்கு வீட்டு முன்னால் ஜாக்கி ஏற்றிவிட்டேன். முந்தின நாள் பழையதைக் கழற்றும்போதே எத்தனை சுற்று என்று எண்ணி வைத்திருந்தேன். புதியதும் அத்தனை சுற்றுதான் ஏற வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் கோணிக்கொள்ளும். பதினேழு. சாமிக்குப் பிரகாரம் சுற்றுகிறவன் போல ஒவ்வொன்றாக எண்ணினேன். நட்டை இறுக்கினேன், அது கழலாதபடி பின் போட்டேன், கிரீஸ் அடைத்தேன். இரண்டு மணிக்கு வண்டி நான்கு சக்கரத்திலும் நின்றது.

இனி ஒருவர் மேலே உட்கார்ந்து ஸ்டியரிங்கை ஆட்ட, ஒருவர் கீழே படுத்துப் பார்க்க வேண்டும். செல்வி ஏறினாள். மூன்று வாரத்தில் முதல் முறை.

“ஏட்டி, செத்த நேரம் ஆட்டு.”

“எம்புட்டு?”

“கொஞ்சமா. இடது, வலது.”

அடியில் படுத்திருந்த எனக்கு அவள் தெரியவில்லை. வளையல் சத்தம் மட்டும் கேட்டது. புது மூட்டுகள் சொன்ன பேச்சுக் கேட்டன. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அப்போதுதான் சற்று மேலே பார்த்தேன். அசையவே கூடாத ஸ்டியரிங் பாக்ஸ் அசைந்தது. அதைத் தாங்கும் சேஸிஸ் இரும்பு போல்ட்டுகளைச் சுற்றி வெடித்து, அவள் ஆட்ட ஆட்ட வாய் போலத் திறந்து மூடியது. ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன். டீயில் நனைத்த பிஸ்கட்டில் இறங்குவதுபோல உள்ளே போனது. வெல்டு வைக்கவும் அங்கே இரும்பு மிச்சமில்லை.

“சரியாயிருச்சா?” மேலிருந்து கேட்டாள்.

ஆச்சு என்று ஒரு சொல் போதும். சாயங்காலமே மூட்டை ஏற்றியிருப்போம். சுந்தரபாண்டியம் வளைவும் வந்திருக்கும். முதுகுக்குக் கீழே மண் சுட்டது. எவ்வளவு நேரம் கிடந்தேனோ.

“இல்ல,” என்றேன்.

வளையல் நின்றது.

நான்காம் நாள் காலை எட்டு மணி, ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையம். மதுரை வண்டி, அங்கே இறங்கித் திருப்பூருக்கு மாற வேண்டும். சந்தை சந்தையாகப் போய்ப் பழகிய எனக்கு வழியனுப்பத் தெரியவில்லை. கையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓட்டுநர் வண்டியை உறுமவிட்டார். செல்வி குனிந்தாள்.

“கீழ கிடந்து பதில் பேசாம இருந்தியல்ல, அந்நேரமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா நீங்க மட்டும் சரின்னு சொல்லியிருந்தியன்னா, நான் ஏறியிருப்பேன்.”