பதினேழு மணித்தியாலம் என்று சொன்னது நான்தான்

நேற்று சுபஹுத் தொழுகைக்குப் பிறகு வாப்பா மௌத்தாகிவிட்டார்.

எங்கள் பக்கம் ஜனாஸாவை அடக்காமல் மறுநாள் வரை வைத்திருக்கும் வழக்கம் இல்லை. ஆனால் எனக்கு மூத்தவர், நானா, டொரண்டோவில்.

“மூத்த மகன் ஒருக்கா முகம் பாக்கட்டும். வந்து சேர எத்தன மணித்தியாலம் போகும்?” என்று மாமா கேட்டார்.

போனில் இரண்டு விமான நிலையங்களின் பெயரையும் போட்டேன். பதினேழு மணித்தியாலம் என்று வந்தது. நேர்கோட்டுத் தூரத்துக்குப் போட்ட கணக்கு அது. நேராக வரும் விமானமே கிடையாது என்பதை நான் பார்க்கவில்லை.

“நாளைக்கி பகல் லுஹருக்குள்ள வந்துருவாரு மாமா” என்றேன். பள்ளிவாசலில் அடக்கத்துக்கு அந்த நேரத்தையே அறிவித்தார்கள்.

இன்று பதினொரு மணிக்கு, விமானம் மாறும் இடத்திலிருந்து நானா பேசினார்.

“ராவு முழுக்க இங்கதான் இருந்தேன். இப்பதான் அடுத்த ப்ளேன்ல ஏறுறேன். எறங்க அஞ்சு மணியாகும். வெச்சிருப்பீங்க தானே?”

“ஆமா நானா.”

பக்கத்தில் இருந்த உம்மாவுக்கு எல்லாம் கேட்டது.

“இனியும் வாப்பாவக் காக்க வெக்க ஏலாது மகன். எடுக்கச் சொல்லுங்க.”

லுஹர் தொழுததும் அடக்கிவிட்டோம். நானா அப்போது ஆகாயத்தில். அவர் போன் வேலை செய்யவில்லை.

இப்போது அவரைக் கூட்டிவர வேனில் போகிறேன். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து எங்கள் ஊர் பலாபத்வலைக்கு நாலு மணித்தியாலம். இந்தக் கணக்கு மட்டும் எனக்குத் தப்பாது.

எந்த ஊர் தாண்டியதும் நானாவிடம் சொல்லலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.