நாற்பத்தெட்டில் வந்த குரல்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். இதில் ஒரு சொல்கூட நான் இட்டுக்கட்டியது இல்லை. என்னோடு மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தும் கூட்டாளிக்கு நடந்தது இது. கடையில் அவனுக்குக் 'கிலோஹெர்ட்ஸ்' என்று பட்டப்பெயர். அவ்வளவு பாட்டுப் பைத்தியம். "நீ சொல்ற வித்தியாசம் வௌவாலுக்குத்தான் கேட்கும்" என்று அவன் மனைவியே கிண்டல் செய்வாள்.

அன்று அவன் அக்கா கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மூளையில் ரத்தக்கசிவு. ஆபரேஷன் வேண்டுமா, வேண்டாமா? "நீ என்ன சொல்றியோ அதான்" என்று முடிவை இவன் தலையில் போட்டுவிட்டாள் அக்கா. தெரிந்த இன்னொரு டாக்டருக்கு ஸ்கேனை அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருந்தான். இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தான், எழுந்தான், நடந்தான். கடைசியில் கணினியின் ஒலி அமைப்பைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டான்.

சாதாரணமாகக் கணினி எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகக் கலந்து, 48 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அளவுக்கு மாற்றித்தான் வெளியே விடும். 'தனி உரிமை' கட்டத்தில் டிக் போட்டால் பாட்டு மட்டும் தன் அசல் அளவில் போகும். வேறு எந்தச் சத்தமும் நுழையாது. கணினிக்கு வரும் அழைப்புகூட. போன்தான் பக்கத்தில் இருக்கிறதே என்று டிக் போட்டான். ஹெட்போனை மாட்டினான். கணினிக்கும் ஹெட்போனுக்கும் நடுவே மேஜையில் இருந்த ஒலிப்பெட்டியின் சின்னத் திரையில், பாட்டின் அசல் அளவான 96 வந்தது.

மணி நாலு பத்து.

டக்.

பாட்டு நின்றது. 96 போய் 48 வந்தது. 'ஒலிப்பெட்டி வேறு பயன்பாட்டில் உள்ளது' என்றது கணினி. வேறு எதுவுமே திறந்திருக்கவில்லை.

ஹெட்போனில்... தள்ளுவண்டிச் சக்கரம். கிரீச்... கிரீச்... தூரத்தில் ஓர் இருமல்.

பிறகு, காதை ஒட்டி, யாரோ மூச்சை இழுத்தார்கள். பேசப் போகிறவர் இழுப்பதுபோல...

"யாரு?" என்றான் இவன்.

ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தான்.

டக். 96. விட்ட இடத்திலிருந்து பாட்டு ஓடியது.

ஹெட்போனைக் கழற்றி வைத்தான். அதற்குள் போன் அடித்தது. டாக்டர்.

"யோசிக்காதீங்க. உடனே பண்ணச் சொல்லுங்க."

ஆஸ்பத்திரியில் இருந்த அக்காவைக் கூப்பிட்டான். அவள் பின்னால் அதே தள்ளுவண்டிக் கிரீச் கேட்டது.

"அக்கா, கையெழுத்துப் போடு!"

"என்னடா இது? இப்பத்தானே வேண்டாம்னு சொன்ன?"

"நானா?"

"உன் போன் கிடைக்கலைன்னு கம்ப்யூட்டருக்குக் கூப்பிட்டேன். நீதானே எடுத்த? முகம் தெரியலை, ஆனா உன் குரல்தான். நான் டாக்டர்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேனே..."

பதறிப்போய் உடனே கையெழுத்துப் போட்டாள். அதற்குள் ஆபரேஷன் அறைக்கு வேறு நோயாளியைக் கொண்டுபோயிருந்தார்கள். காத்திருந்த நேரத்திலேயே அக்கா கணவர் போய்விட்டார்.

இவன் கணினியில் அழைப்பு வந்த சுவடே இல்லை. அக்கா போனில் இருந்தது. நாலு பத்து, இரண்டு நிமிடம். நானே பார்த்தேன்.

எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு, அக்கா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரலில் கோபமே இல்லை.

"வேண்டாம்னு சொன்னதைக்கூட விடுடா. சொல்லிட்டு... ஏன் சிரிச்ச?"